வண்ணமும் வரலாறும் - 17: விடியும்வரை ஒரு மல்லுக்கட்டு

சென்ற இதழில் தியோடோர் ஜெரிக்கோவின் ‘மெடூசாவின் தெப்பம்’ பார்த்தோம். அந்தத் தெப்பத்தின் முன்பகுதியில் ஓர் இளைஞன் குப்புறக் கிடப்பான். ஒரு கை கட்டையின் மேல் நீண்டிருக்கும். அந்த உருவத்துக்காக ஜெரிக்கோவின் ஓவியக்கூடத்தில் படுத்துக் கிடந்தவர், அப்போதுதான் இருபது வயதை எட்டியிருந்த ஓர் ஓவிய மாணவர். பெயர் யூஜின் தெலக்ருவா. 1824இல் ஜெரிக்கோ 32 வயதில் இறந்துபோனபோது, பிரான்சின் ரொமான்டிக் ஓவியர்களுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு இந்த இளைஞர் தோளில் விழுந்தது.

தெலக்ருவா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1830ஆம் ஆண்டுப் புரட்சியைக் காட்டும் ஓவியம்தான். தடுப்பரண்களுக்கு மேலே, ஒரு கையில் மூவர்ணக் கொடியும் மறு கையில் துப்பாக்கியுமாகச் சுதந்திரம் ஒரு பெண்ணாக நடந்து வருவாள். பள்ளிப் பாடநூல்களில் உண்டு. பிரான்சின் பழைய 100 பிராங்க் நோட்டில்கூட ஓவியரின் முகத்தோடு அந்தப் பெண்ணும் இருந்தாள். நல்ல ஓவியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தெலக்ருவா எட்டிய உச்சம் எது என்று கேட்டால், லூவர் அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்து, சேன் நதியைத் தாண்டி, சேன் சுல்பீஸ் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் வரும் முதல் சிற்றாலயத்தைத்தான் நான் காட்டுவேன். அதன் இடதுபுறச் சுவரில் யாக்கோபு தேவதூதனோடு மல்லுக்கட்டுகிறான். சுமார் 25 அடி உயரம், 16 அடி அகலம். ஓவியர் அந்தப் பணியை ஒப்புக்கொண்டது 1849இல், முடித்தது 1861இல்.

முதலில் கதை. ஆதியாகமம் 32ஆம் அதிகாரம்.

ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளில் இளையவன் யாக்கோபு. அண்ணன் ஏசா பசியோடு வந்த நேரம் பார்த்து, ஒரு வேளைக் கூழைக் கொடுத்து மூத்தபிள்ளை உரிமையை வாங்கிக்கொண்டவன். பிறகு ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, கண் மங்கிப்போன தகப்பனின் முன்னால் அண்ணனாக நடித்து, அண்ணனுக்குச் சேரவேண்டிய ஆசீர்வாதத்தையும் தட்டிப் பறித்தவன். ஏசா கொன்றுவிடுவான் என்ற பயத்தில் தாய்மாமன் லாபான் வீட்டுக்கு ஓடினான். அங்கே இருபது வருடம் பாடுபட்டான்: மாமன் பெண்கள் இருவருக்காகப் பதினான்கு வருடம், ஆடுமாடுகளுக்காக ஆறு வருடம். மனைவி மக்கள், மந்தைகள், வேலைக்காரர்கள் என்று பெருகிய பிறகு சொந்த மண்ணுக்குக் கிளம்பினான். பாதி வழியில் சேதி வருகிறது: அண்ணன் 400 ஆட்களோடு எதிரே வந்துகொண்டிருக்கிறான்.

யாக்கோபுக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணனின் கோபத்தைத் தணிக்க மந்தை மந்தையாக வெகுமதி பிரித்து முன்னால் அனுப்புகிறான். வேதாகமம் இங்கே ஒரு கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு எண்ணிக்கை சொல்கிறது: 200 வெள்ளாடு, 20 கடா, 200 செம்மறியாடு, 20 ஆட்டுக்கடா, குட்டிகளோடு 30 ஒட்டகம், 40 பசு, 10 காளை, 20 பெட்டைக்கழுதை, 10 கழுதைக்குட்டி. ஒட்டகக்குட்டிகளைச் சேர்க்காமலே 550 உருப்படி. அன்று இரவு குடும்பத்தையும் யாப்போக்கு ஆற்றின் துறையைத் தாண்ட வைத்துவிட்டு, அவன் மட்டும் பின்தங்குகிறான். அங்கேதான் யாரென்று தெரியாத ஒருவர் வந்து அவனைப் பிடிக்கிறார். விடியும்வரை இருவரும் கட்டிப் புரள்கிறார்கள். யாக்கோபை வீழ்த்த முடியாமல் போகவே, வந்தவர் அவனுடைய தொடைச்சந்தைத் தொடுகிறார். மூட்டு விலகிவிடுகிறது. அப்போதும் அவன் பிடியை விடவில்லை. ஆசீர்வதித்தால்தான் விடுவேன் என்கிறான். இஸ்ரவேல் என்ற புதுப் பெயரும் ஆசீர்வாதமும் பெற்று, சூரியன் உதிக்கும்போது நொண்டிக்கொண்டே நடக்கிறான். இன்றும் மரபு வழுவாத யூதர்கள் விலங்கின் தொடைச்சந்து நரம்பை உண்பதில்லை. காரணம் இந்த இரவுதான்.

வந்தவரை ஆதியாகமம் ஒரு மனிதர் என்று மட்டுமே சொல்கிறது. தேவதூதன் என்று சொன்னவர் பின்னால் வந்த ஓசியா தீர்க்கதரிசி. ஓவியர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சிறகு வரைந்தார்கள். தெலக்ருவாவுக்கு 200 ஆண்டு முன்னால் ரெம்பிராண்ட் இதே காட்சியைத் தீட்டியிருக்கிறார். அது இப்போது பெர்லினில் இருக்கிறது. ரெம்பிராண்ட் இருவரையும் கண்ணருகே கொண்டுவந்து, பின்னணியை இருட்டடித்துவிட்டார். அவருடைய தூதன் யாக்கோபை ஒரு தாயைப்போலத் தழுவி நிற்கிறான்.

தெலக்ருவா செய்தது இதற்கு நேர்மாறு. சுவரின் பெரும்பகுதியை மரங்களுக்குக் கொடுத்துவிட்டார். ராட்சத மரங்கள் தரையிலிருந்து எழுந்து, கிளை விரித்து, சுவரின் உச்சிவரை நிரம்பி நிற்கின்றன. மனிதர்கள் எல்லாரும் கீழ்ப்பகுதியில்தான். வலப்பக்கம் யாக்கோபின் கூட்டம் புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது: ஆடுகள், ஒட்டகங்கள், குதிரைமேல் ஆட்கள், தலைச்சுமையோடு பெண்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கள் தலைவன் பின்னால் யாரோடு போராடுகிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இடப்பக்கம், மரங்களின் காலடியில், அந்த இருவர்.

யாக்கோபு தலையைக் குனிந்து, முட்ட வரும் கடாவைப்போலத் தூதனின் மார்பில் மோதுகிறான். முகம் நமக்குச் சரியாகத் தெரியாது. முதுகின் தசை ஒவ்வொன்றும் புடைத்திருக்கிறது. பலத்தை எல்லாம் ஒரே தள்ளில் கொட்டுகிறவனின் உடம்பு அது. தூதன் சாயவில்லை, பதறவும் இல்லை. நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்கிறான். ஒரு கை யாக்கோபின் கையோடு கோத்து மேலே உயர்ந்திருக்கிறது. மறு கை யாக்கோபின் தொடையைப் பற்றியிருக்கிறது. கதையின் திருப்பமே அந்தக் கையில்தான். இன்னும் ஒரு நொடியில் மூட்டு விலகப்போகிறது, யாக்கோபுக்கு அது தெரியாது. தோற்கப்போகும் நொடியை இவ்வளவு பலத்தோடு தீட்டிய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

இனி வலது கீழ் மூலைக்கு வாருங்கள். சண்டைக்கு முன் யாக்கோபு கழற்றிப் போட்டவை அங்கே குவிந்து கிடக்கின்றன: மேலாடை, வைக்கோல் தொப்பி, அம்பறாத்தூணி, ஈட்டி. ஒரு மனிதன் ஆயுதத்தையும் ஆடையையும் அவசர அவசரமாக உதறிவிட்டு வெறுங்கையோடு பாய்ந்திருக்கிறான் என்பதை அந்தக் குவியல் சொல்லிவிடுகிறது. வேதாகமத்தில் இந்தத் துணிமூட்டை இல்லை, ஓவியர் சேர்த்தது. கிட்டே போய்ப் பார்த்தால், தூரத்தில் ஒரே நிறமாகத் தெரிந்த இடமெல்லாம் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்துபோகும். புல்லின் பச்சைக்குள் மஞ்சளும் ஊதாவும் ஓடும். உடம்பின் நிழலுக்குள் பச்சைக் கீற்றும் இளஞ்சிவப்புக் கீற்றும் அருகருகே கிடக்கும். குழைத்துத் தேய்க்காமல், நூல் நூலாக அடுக்கி, பார்ப்பவர் கண்ணிலே கலக்கவிடும் முறை இது. பின்னால் வந்த போல் சினியாக், தன் தலைமுறையின் புள்ளி ஓவியத்துக்கு மூதாதை தெலக்ருவாதான் என்று 1899இல் ஒரு புத்தகமே எழுதினார்.

இப்படி ஒரு ஓவியத்தைத் தேவாலயச் சுவரில் தீட்டியவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது கதையின் சுவையான பகுதி. அப்பா ஷார்ல் தெலக்ருவா பிரெஞ்சுப் புரட்சியின் மன்றத்தில் உறுப்பினர்; பதினாறாம் லூயி மன்னரின் தலையை எடுக்க வாக்களித்தவர்களில் ஒருவர்; பிறகு புரட்சி அரசின் வெளியுறவு அமைச்சர். அந்தப் புரட்சிக் காலத்தில் சேன் சுல்பீஸ் தேவாலயமாக இருக்கவில்லை. அதை ‘வெற்றியின் கோயில்’ என்று பெயர் மாற்றியிருந்தார்கள். 1799 நவம்பரில், ஆட்சியைக் கைப்பற்றுவதற்குச் சில நாள் முன்பு, ஜெனரல் போனபார்ட்டுக்கு அதன் உள்ளேதான் பெரிய விருந்து நடந்தது. நெப்போலியன் போப்பாண்டவரோடு உடன்படிக்கை செய்த பிறகே அங்கே மறுபடி பூசை முறையாக நடக்கத் தொடங்கியது. 1821இல் கவிஞர் பொதலேருக்கு ஞானஸ்நானம் அங்கேதான். 1822இல் விக்டர் ஹியூகோவுக்குத் திருமணமும் அங்கேதான்.

புரட்சியில் சிதைந்த தேவாலயங்களுக்கு மறுபடி நிறம் கொடுக்கும் வேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்கமும் பாரீஸ் நகராட்சியும் எடுத்துக்கொண்டன. ஓவியர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. படச்சட்டத்துக்குள் அடங்காத அளவில், இடம்பெயராத இடத்தில் ஒரு படைப்பு நிற்கும். 1848இல் மறுபடியும் புரட்சி வந்து, மன்னர் ஓடி, இரண்டாம் குடியரசு அமைந்தது. அந்தக் குடியரசுதான் 1849 ஏப்ரலில் தெலக்ருவாவிடம் சேன் சுல்பீஸின் ஒரு சிற்றாலயத்தை ஒப்படைத்தது. வேலை முடியும்போது குடியரசு போய், மூன்றாம் நெப்போலியனின் பேரரசு வந்திருந்தது.

முதலில் அது ஞானஸ்நானச் சிற்றாலயம் என்று நினைத்து அதற்கேற்ற காட்சிகளை அவர் யோசித்துவந்தார். பிறகுதான் அது பரிசுத்த தேவதூதர்களுக்கு அர்ப்பணித்தது என்று தெரியவந்தது. யோசித்ததையெல்லாம் கைவிட்டுத் தூதர்களின் கதைகள் மூன்றைத் தேர்ந்தார். கூரையில் மிக்கேல் அதிதூதர் பறவைநாகத்தை வீழ்த்துகிறார். வலப்பக்கச் சுவரில் எலியோதோர் கதை. எருசலேம் ஆலயத்தின் கருவூலத்தைக் கொள்ளையடிக்க மன்னன் அனுப்பிய அதிகாரியை, வானத்துக் குதிரைவீரன் ஒருவன் மிதித்துத் தள்ள, இரண்டு தூதர்கள் சாட்டையால் விளாசுகிறார்கள். மக்கபேயர் இரண்டாம் நூலில் வருவது. கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தில் இருக்கும், சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இருக்காது. வாட்டிகனில் ரஃபேல் தீட்டிய காட்சியோடு போட்டிபோடும் துணிச்சல் அதில் தெரிகிறது. என்றாலும் எனக்கு அந்தச் சுவர் கொஞ்சம் அரங்க நாடகமாகவே படுகிறது. தூண்களும் திரைகளும் கூட்டமும் கண்ணை அலைக்கழிக்கின்றன. யாக்கோபின் சுவருக்குத் திரும்பினால் மூச்சு சீராகிறது.

காரணம் அந்த மரங்கள். பாரீசுக்குத் தெற்கே ஷாம்ப்ரோசே என்ற சிற்றூரில் தெலக்ருவாவுக்கு ஓய்வில்லம் ஒன்று இருந்தது. முதலில் வாடகைக்கு, 1858இல் விலைக்கே வாங்கிவிட்டார். பக்கத்தில் செனார் காடு. அங்கே பல நூற்றாண்டு கண்ட ஓக் மரங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து கோட்டோவியம் போடுவார். அவருடைய நாட்குறிப்பில் ஒரு ஓக் மரத்தைப் பற்றி நுட்பமான ஒரு கவனிப்பு இருக்கிறது. தள்ளி நின்று முழு மரத்தையும் பார்க்கும்போது அது சாதாரண மரமாகத்தான் படுகிறதாம். கிளைகளுக்கு அடியில் போய் நின்று, அடிமரத்தையும் கிளை பிரியும் இடத்தையும் மட்டும் பார்க்கும்போதுதான் அதன் பிரம்மாண்டம் உறைக்கிறதாம். பகுதியைக் காட்டினால்தான் முழுமையின் அளவு மனதில் எழும் என்பது அவர் கண்டது. சேன் சுல்பீஸ் சுவரில் மரங்களின் உச்சி நமக்குத் தெரிவதில்லை. ஓவியத்தின் மேல்விளிம்பு கிளைகளை வெட்டிவிடுகிறது. எனவே அவை சுவருக்கு வெளியேயும் வளர்ந்துகொண்டே போகின்றன. மனிதர்கள் சிறுத்துப்போகிறார்கள், அவர்களுடைய போராட்டமோ பெரிதாகிறது.

மரங்களை இப்படி ஆளவிட்டதில் வெனிஸ் நகரத்து டிஷியனின் பாதிப்பும் உண்டு. டிஷியனின் ‘புனித பேதுரு வேதசாட்சி’ ஓவியத்தில் உயர்ந்த மரங்களின் அடியில் ஒரு கொலை நடக்கும். மூல ஓவியம் 1867இல் தீயில் எரிந்துபோனது. பிரதிகளும் அச்சுப்படங்களும்தான் மிச்சம். வலப்பக்கத்துக் கூட்டம் வந்த வழி வேறு. 1832இல் ஓர் அரசுத் தூதுக்குழுவோடு மொராக்கோ போய் ஆறு மாத காலம் சுற்றியவர் தெலக்ருவா. அங்கே கண்ட குதிரைகளும் புழுதியும், யூதக் குடும்பங்களும், வெயிலில் நிறம் மாறும் துணிகளும் முப்பது ஆண்டுக்குப் பிறகும் அவர் கையை விட்டுப் போகவில்லை. வேதாகமக் காட்சிக்கு இத்தாலியச் சிலைகளைப் பார்த்து ஆடை உடுத்திய காலத்தில், கண்ணால் கண்ட மனிதர்களை அதில் நடக்கவிட்டார்.

வேலை ஏன் இவ்வளவு இழுத்தது? முதல் காரணம் வேறு பணிகள். 1850, 51இல் லூவரின் அப்பல்லோ கூடத்துக் கூரை. அடுத்து பாரீஸ் நகர மண்டபத்தில் ஒரு கூடம் முழுவதும். அது 1854இல் முடிந்தது. 1871 கலகத்தில் மண்டபத்தோடு எரிந்து, அந்த ஓவியங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. இரண்டாவது காரணம் சுவர். ஈரம் ஏறும் கல் சுவரில் எண்ணெய் வண்ணம் நிற்காது. ஈரச் சுண்ணத்தின் மேல் தீட்டும் ஃப்ரெஸ்கோ முறை அவருக்கு ஒத்துவராது. அதில் காரை காய்வதற்குள் முடித்தாக வேண்டும், முடித்தபின் திருத்த வழியில்லை. தெலக்ருவாவோ திருத்தித் திருத்தியே வரைபவர். எனவே சுவருக்குக் கொதிக்கும் எண்ணெயைக் குடிக்கக் கொடுத்து, அதன் மேல் ஈயவெள்ளையைப் பூசி, அதன் மேல் எண்ணெயும் மெழுகும் கலந்த வண்ணத்தால் தீட்டினார்கள். மெழுகு சேர்த்தால் பளபளப்பு அடங்கும். பக்கத்து ஜன்னலின் வெளிச்சம் சுவரில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசாது.

உதவியாளர்கள் இருந்தார்கள். முக்கியமானவர் மாணவர் பியேர் ஆந்த்ரியே. லூயி பூலாஞ்சே என்ற அலங்கார ஓவியரும் கைகொடுத்தார். குருவின் சிறிய வரைவுகளைச் சுவரின் அளவுக்குப் பெரிதாக்குவது, அடித்தளம் தீட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. வண்ணப் பலகையில் எந்தக் கலவை எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதில் தெலக்ருவா அவ்வளவு கறார். ஆந்த்ரியே குறித்துவைத்த அந்த வண்ண வரிசைகள்தான் பிற்கால ஓவியர்களுக்கு அவருடைய முறையைக் காட்டிக்கொடுத்தன. ஆனால் கடைசி வண்ணம் குருவின் கையால்தான். தீட்டியதை அழித்து மறுபடி தீட்டுவதும் அவர்தான்.

மூன்றாவது காரணம் உடம்பு. தொண்டையில் வெகுநாளைய நோய், அடிக்கடி காய்ச்சல், குரல் எழும்பாத நாட்கள். 1857 தொடக்கத்தில், ஏழு முறை கதவடைத்த பிரெஞ்சு நுண்கலைக் கழகம் ஒருவழியாக அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டின் பெரும்பகுதியை அவர் நோயில்தான் கழித்தார். சாரத்தில் ஏற முடியவில்லை. அவர் குடியிருந்ததோ நகரத்தின் வடக்குப் பகுதியில். தேவாலயத்துக்கு வந்துபோவதே பெரும்பாடு. எனவே 1857 டிசம்பர் 28 அன்று வீட்டையே மாற்றினார். தேவாலயத்திலிருந்து பொடிநடையாகப் போய்விடும் தூரத்தில், ஃபுர்ஸ்தென்பெர்க் தெரு 6ஆம் எண் வீடு. பின்னால் சின்னத் தோட்டம், தோட்டத்தில் ஓவியக்கூடம். கூடவே வந்தவர் ஜென்னி ல கியூ. பிரித்தானி சீமையிலிருந்து வந்து வீட்டு வேலைக்குச் சேர்ந்தவர். இருபது ஆண்டுக்கு மேலாகத் திருமணம் ஆகாத அந்த மனிதரின் உணவு, மருந்து, அமைதி எல்லாவற்றுக்கும் காவல் நின்றவர். அந்தச் சுவர் முடிந்ததில் ஜென்னிக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைசெய்ய அவர் ஆசைப்பட்டார். பூசை நேரத்துப் பாட்டு கேட்டால் அவருக்குக் கையில் புது வேகம் பிறக்கும். இசை என்றால் உயிர்; மொசார்ட்டை வணங்குபவர், ஷோபெனின் நெருங்கிய நண்பர். பங்குத்தந்தை இசையவில்லை. ஞாயிறு ஆண்டவரின் நாள், அன்று சாரத்தில் ஏறி வேலைசெய்யக் கூடாது என்பது ஒழுங்கு. குருவானவர் மீது குறைசொல்ல இடமில்லை. ஆனால் தேவாலயத்துக்காகவே உழைக்கும் ஒருவர், அந்தத் தேவாலயத்தின் இசையைக் கேட்டபடி உழைக்க முடியாமல் போனதே என்று எண்ணும்போது மனம் சங்கடப்படுகிறது.

1860 பிற்பகுதியிலிருந்து வேலை வெறியாக மாறியது. வயது 62. ஷாம்ப்ரோசேயில் தங்கும் நாட்களில்கூட அதிகாலையில் எழுந்து ரயிலேறி பாரீஸ் வந்து, சில மணி நேரம் சுவரில் உழைத்துவிட்டு ஊர் திரும்பினார். 1861 ஜனவரி முதல் தேதி நாட்குறிப்பில் அந்த மாதங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பொழுது விடிந்ததும் காதலியைத் தேடி ஓடுவதுபோல இந்த வேலையைத் தேடி ஓடுவதாகவும், தூரத்தில் எளிதாகத் தெரிந்தவை கிட்டே வந்ததும் ஓயாத சிக்கல்களாக எழுவதாகவும், இந்த இடைவிடாத போராட்டம் தன்னைச் சாய்க்காமல் தூக்கி நிறுத்துவது எப்படி என்று வியப்பதாகவும் அதில் வருகிறது. இதை வைத்துத்தான் பல விமர்சகர்கள் தெலக்ருவாவே யாக்கோபு, கலையே தேவதூதன் என்று எழுதிவிட்டார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பில் பொங்கி வழிவது மகிழ்ச்சி. நோயாளி ஒருவர், ஊரெல்லாம் புத்தாண்டு கொண்டாடும் நாளில், தன் வேலையை நினைத்துச் சந்தோஷப்படுகிறார். அதை உருவகமாக்கிச் சுருக்குவதைவிட, உள்ளபடியே எடுத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை.

அவர் பக்தரா? கோயிலுக்குத் தவறாமல் போகிறவர் இல்லை. வோல்ட்டேரைப் படித்து வளர்ந்தவர். ஆனால் வேதாகமக் காட்சிகள் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. ஒலிவத் தோட்டத்தில் கிறிஸ்து, மரித்த மகனை மடியில் ஏந்திய மரியாள், கலிலேயாக் கடலின் புயலில் அயர்ந்து தூங்கும் இயேசு. கடைசிப் படத்தைத் திரும்பத் திரும்பப் பல முறை தீட்டியிருக்கிறார். 1862இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், கடவுள் நமக்கு உள்ளே இருக்கிறார், அழகைக் கண்டு நாம் வியப்பதே அந்த இருப்பினால்தான் என்ற பொருளில் எழுதிவைத்தார். யாக்கோபின் கதை இப்படிப்பட்டவருக்குப் பொருந்திய கதை. அதில் மண்டியிடுதல் இல்லை, காட்சி கண்டு பரவசப்படுதல் இல்லை. உடம்பும் உடம்பும் மோதுகின்றன, கடவுளின் பக்கத்திலிருந்து வந்தவரை ஒரு மனிதன் விடமாட்டேன் என்கிறான். இந்த அடத்தைத் தெலக்ருவாவால் முழு மனதோடு நம்ப முடிந்தது. அதனால்தான் மரபான பக்திப் படங்களில் இல்லாத வெப்பம் இதில் இருக்கிறது.

1861 ஜூலை 21 அன்று சிற்றாலயம் திறந்தது. ஓவியரே அழைப்பிதழ் அச்சடித்து, மூன்று காட்சிகளுக்கும் தாமே விளக்கம் எழுதி அனுப்பினார். யாக்கோபின் போராட்டம், கடவுள் தாம் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அனுப்பும் சோதனையின் அடையாளம் என்பது அவர் தந்த விளக்கம். கோடைக்காலம், பெரிய மனிதர்கள் ஊரில் இல்லை. பேரரசின் அதிகார வட்டம் அலட்டிக்கொள்ளவில்லை. விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். உடனே உணர்ந்து எழுதியவர்களில் ஒருவர் அதே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற பொதலேர். செப்டம்பரில் ஒரு பத்திரிகையில் இந்தச் சுவர்களுக்காகவே கட்டுரை எழுதினார். தெலக்ருவா அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்கு அன்று கிடைத்த உருப்படியான சன்மானம் அதுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அவர் பெரிய சுவர் எதையும் தொடவில்லை. 1863 ஆகஸ்ட் 13 அன்று காலை, ஃபுர்ஸ்தென்பெர்க் தெரு வீட்டில், ஜென்னி கையைப் பிடித்திருக்க உயிர் பிரிந்தது. மறு ஆண்டு அவர் விட்டுச்சென்ற படைப்புகள் ஏலத்துக்கு வந்தபோது, கோட்டோவியங்கள் மட்டும் 6,000க்கு மேல் இருந்தது கண்டு பாரீஸ் மலைத்தது. அந்த வீட்டு ஓவியக்கூடத்தை இடிக்கப் பார்த்தபோது மொரீஸ் தெனி, சினியாக் போன்ற ஓவியர்கள் சங்கம் அமைத்துக் காப்பாற்றினார்கள். 1971இல் அது தேசிய அருங்காட்சியகமானது.

நூற்றைம்பது ஆண்டு மெழுகுவத்திப் புகையும் சுவரின் ஈரமும் சேர்ந்து யாக்கோபை மங்கவைத்திருந்தன. 2016இல் சீரமைப்பு முடிந்து பழைய நிறங்கள் திரும்பின. பாரீஸ் போகும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லூவரில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து களைத்த மறுநாள், சேன் சுல்பீஸுக்குப் போங்கள். கட்டணம் கிடையாது. பகல் வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். முதலில் தள்ளி நின்று மரங்களைப் பாருங்கள். பிறகு கிட்டே போய் அந்தத் தொப்பியையும் தொடையைப் பற்றிய கையையும் பாருங்கள். அப்படியே நடந்து போய் ஃபுர்ஸ்தென்பெர்க் தெருவின் தோட்டத்தையும் பார்த்துவிடலாம்.

இந்தச் சுவர் முடிந்து 27 ஆண்டு கழித்து, 1888இல், ஜென்னி பிறந்த அதே பிரித்தானி மண்ணில், வெள்ளை முக்காடிட்ட கிராமத்துப் பெண்களின் கண்ணெதிரே யாக்கோபும் தூதனும் மறுபடி மல்லுக்கு நின்றார்கள். இந்த முறை தரை முழுவதும் ரத்தச் சிவப்பு. தீட்டியவர் போல் கோகன். அடுத்த இதழில் அவரைச் சந்திப்போம்.

(தொடரும்)